தராசு இல்லாமல் கறிமாட்டைக் கணிப்பது: கண்ணும் நாடாவும்

பொள்ளாச்சி சந்தையில் கேரளாவுக்கு மாடு வாங்க வரும் வியாபாரிகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். மாட்டைச் சுற்றி ஒரு நடை. பின்னால் போய் ஒரு நிற்பு. முதுகில் ஒரு தடவு, விலாவில் ஒரு அழுத்து. "நூத்தம்பது கிலோ விழும்" என்று மனசுக்குள் கணக்கு வந்துவிடும். அப்புறம் துண்டுக்கு அடியில் விரல்கள் பேச ஆரம்பிக்கும்.

மாட்டை இரண்டு வருடம் தீனி போட்டு வளர்த்தவருக்கு அதன் எடை தெரியாது. இரண்டு நிமிடம் பார்த்தவருக்குத் தெரிகிறது. விலை பேசும்போது யார் கை ஓங்கும் என்று சொல்லவே வேண்டாம். என்னை உறுத்துவது இதுதான், இந்தக் கட்டுரையை எழுதுவதும் இதற்காகத்தான். அந்த வியாபாரிகளுக்கு இருபது வருடப் பழக்கம். நமக்கு ஒரு நாடா, ஒரு நோட்டு, சில மாதப் பொறுமை இருந்தால் அந்தக் கணக்குக்கு வெகு அருகில் போய்விடலாம்.

தொடங்குமுன் ஒன்று. எந்த மாட்டை, எந்த வயதில் இறைச்சிக்கு விற்கலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கால்நடை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இந்தத் தொழிலில் பணம் போடுங்கள். இங்கே நான் சொல்லப்போவது மாட்டைக் கணிப்பது பற்றி மட்டும்.

கண் எங்கே ஏமாறுகிறது

ஒரு மாடு "நல்லா உருண்டு திரண்டு இருக்கு" என்று நமக்குத் தோன்றும்போது உண்மையில் நாம் பார்ப்பது நான்கு பொருள்களின் கூட்டு: எலும்பு, சதை, கொழுப்பு, வயிற்றில் கிடக்கும் தீனியும் தண்ணீரும். கண்ணுக்கு நான்கும் ஒன்றாகத்தான் தெரியும். அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் முழு வேலையும்.

பிரிக்காமல் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1940களிலும் 50களிலும் அங்கே கண்காட்சி நடுவர்கள் குட்டையான, கட்டையான, தரையோடு ஒட்டிய ஹெரிஃபோர்ட், ஆங்கஸ் என்ற கறி இனக் காளைகளுக்குத்தான் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கட்டை உருவத்துக்குப் பின்னால் பல மந்தைகளில் ஒரு குள்ளத்தன்மை மரபணு ஒளிந்திருந்தது. பரிசு வாங்கிய காளைகளின் வழியாக அது பரவி, குள்ளக் கன்றுகள் பிறக்க ஆரம்பித்த பிறகுதான் பண்ணையாளர்கள் விழித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். 1970களிலும் 80களிலும் உயரம்தான் எல்லாம் என்று ஆனது. கொக்கு மாதிரிக் கால் நீண்ட மாடுகள் வந்தன. அவை கொழுக்க நாளாகும், தீனியும் அதிகம். இரண்டு முறையும் தவறு ஒன்றேதான். ஒரு தோற்றத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டார்கள்.

ரெக்ஸ் பட்டர்ஃபீல்ட், ராய் பெர்க் ஆகிய இரண்டு ஆய்வாளர்கள் மாட்டு உடல்களைத் தசை தசையாகப் பிரித்து எடைபோட்டார்கள். மொத்தச் சதையில் முதுகுக்கும் தொடைக்கும் போகும் பங்கு இனத்துக்கு இனம் பெரிதாக மாறுவதில்லை என்பது அவர்கள் கண்டது. மாறுவது எலும்புக்கு எவ்வளவு சதை, சதைக்கு எவ்வளவு கொழுப்பு என்ற விகிதங்கள்தான். அதனால் "இந்த மாட்டுக்குத் தொடைக்கறி மட்டும் தனியா அதிகம்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். தொடையில் சதை அதிகமிருந்தால் பெரும்பாலும் உடம்பு முழுக்கவே அதிகமிருக்கும். தொடை நமக்கு ஒரு ஜன்னல் மாதிரி. அங்கே கொழுப்பு குறைவாகப் படிவதால் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும்.

கையில் என்ன வேண்டும்

நாடா. தையற்காரர் நாடா 150 செ.மீ.தான் வரும். வளர்ந்த மாட்டின் மார்புக்கு அது எட்டாது. 3 மீட்டர் நீளமுள்ள, இழுத்தால் நீளாத நாடா வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நீளாத கயிற்றால் சுற்றி, முடிச்சுப் போட்டு, கயிற்றைத் தரையில் நீட்டி அளக்கலாம். உயரத்துக்கு ஒரு நேரான கழி, அதன் மேல் படுக்கவைக்க ஒரு சட்டம். ஒரு நோட்டு. மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, மாடு நன்றாகப் பழகிய ஒரு ஆள்.

இடம் சமமாக இருக்க வேண்டும். சரிவில் நிற்கும் மாட்டை அளந்தால் எல்லா அளவும் கோணல்தான். நேரம் காலையில், தீனியும் தண்ணீரும் காட்டுவதற்கு முன்பு.

முதல் படி: பல்

வயது தெரியாமல் அளவுக்குப் பொருளில்லை. மாடு முதலில் எலும்பு வளர்க்கும், அப்புறம் சதை, கடைசியில் கொழுப்பு. ஒரே 150 செ.மீ. மார்பு, பல் போடாத கன்றுக்கு இருந்தால் அது இன்னும் வளரும் மாடு. எட்டுப் பல்லும் சேர்ந்த மாட்டுக்கு இருந்தால் அதன் எல்லை அவ்வளவுதான்.

கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பற்கள், மொத்தம் எட்டு. பால்பல் சின்னதாக, வெள்ளையாக இருக்கும். நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் இரண்டு வயது தாண்டியது. நாட்டு மாடுகளில் இது கொஞ்சம் தாமதமாகவே வரும். அதன்பின் நாலு பல், ஆறு பல் என்று கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு ஜோடி. எட்டும் சேர நாலரை, ஐந்து வயதாகிவிடும்.

இரண்டாம் படி: தொடாமல் பார்ப்பது

மாடு முழுதாகக் கண்ணில் படும் அளவுக்குத் தள்ளி நில்லுங்கள். கிட்டப் போனால் மாட்டின் பாகங்கள்தான் தெரியும், மாடு தெரியாது.

பக்கவாட்டில் பார்க்கும்போது முதுகுக்கோடு, உடல் நீளம், மார்பின் ஆழம் மூன்றையும் கவனியுங்கள். திமிலுக்குப் பின்னாலிருந்து நிலம்வரை உள்ள உயரத்தில் மார்பு எவ்வளவு, கால் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஆங்கஸ் போன்ற கறி இனங்களில் மார்பு பாதி, கால் பாதி, அல்லது மார்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நம் நாட்டு மாடுகளில் கால்தான் நீளம். வெயிலில் நடந்தும் உழுதும் வாழ்ந்த மாட்டுக்கு அது தேவை. காங்கேயம் காளையின் முன்பாகம் வலுவாகவும், பின்பாகம் வால் பக்கம் சரிந்தும் இருப்பது இழுவைக்கு ஏற்ற அமைப்பு. அதை ஆங்கஸ் அளவுகோலால் அளந்து "குறை" என்று எழுதுவது நியாயமில்லை. அதே சமயம் நம் மண்ணின் திமில் மாடுகளைக் கறிக்காகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆந்திரக் கடற்கரையின் ஓங்கோல் மாடுதான் பிரேசிலுக்குப் போய் நெலோர் என்ற பெயரில் அந்த நாட்டு இறைச்சித் தொழிலின் முதுகெலும்பாக இருக்கிறது. நெல்லூர் என்ற ஊர்ப்பெயர்தான் அங்கே அப்படி ஆனது.

முன்னாலிருந்து பார்த்தால் முன்னங்கால்களின் இடைவெளி மார்பின் அகலத்தைச் சொல்லும். இதைச் சீக்கிரம் பார்த்துவிட்டுப் பின்னால் போங்கள்.

பின்னால்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முகத்தையும் கொம்பையும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கறிக்கணக்கு வாலுக்குப் பின்னால் இருக்கிறது. அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பு இருக்கும் உயரத்தில் ஒரு கோடு கிழித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சதைப்பிடிப்புள்ள மாட்டுக்கு அந்தக் கோட்டில்தான் உடம்பு மிக அகலமாக இருக்கும், தொடை வெளியே பிதுங்கி நிற்கும். அகலமெல்லாம் மேலே இடுப்பெலும்பில் இருந்து, கீழே வரவரத் தொடை ஒடுங்கிப்போனால் அது எலும்பின் அகலம். இரண்டு பின்னங்கால்களுக்கு நடுவில் வெளிச்சம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்றும் பாருங்கள். உள்தொடையில் சதை இருந்தால் அந்த இடைவெளி கீழேயே அடைபட்டுவிடும், கால்களும் அகல ஊன்றி நிற்கும். ஜெர்சிக் கலப்புக் காளைக்கன்றுகளில் இந்த இடைவெளி மேலேவரை போவதை எந்தத் தொழுவத்திலும் பார்க்கலாம்.

அங்கிருந்தே முதுகையும் பாருங்கள். நடுவில் தண்டு கொஞ்சம் பள்ளமாக, இருபுறமும் சதை வரம்பு மாதிரி எழும்பி நின்றால் அது சதை. மேசைப் பலகை மாதிரித் தட்டையாகி, ஓரத்தில் சட்டென்று மடங்கினால் கொழுப்பு. ஓட்டுக்கூரை மாதிரி நடுத்தண்டு துருத்திக்கொண்டு இருந்தால் இரண்டுமே இல்லை.

இப்போது நடக்கவிடுங்கள். நடக்கும்போது சதை இறுகி இறுகி விடும், அதன் அசைவு தோலுக்கு மேலேயே தெரியும். கொழுப்பு தளும்பும். பின்னங்குளம்பு முன்னங்குளம்பு பதிந்த இடத்திலோ அதற்கு அருகிலோ விழுந்தால் கால் நன்றாக இருக்கிறது. மாதக்கணக்கில் கட்டி வளர்க்கப்போகும் மாட்டுக்குக் கால் சரியில்லை என்றால் தீனி எடுப்பதே குறைந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகு, நாடாவைத் தொடுமுன், உங்கள் மனக்கணக்கு எடையை நோட்டில் எழுதிவிடுங்கள். அளந்த பிறகு எழுதினால் கண் எதையும் கற்றுக்கொள்ளாது. தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: கை

கொழுப்பு எவ்வளவு என்பதைக் கைதான் சொல்லும். உங்கள் கையிலேயே அதற்கு அளவுகோல் இருக்கிறது. முஷ்டியை மடக்கி விரல் கணுக்களைத் தடவிப் பாருங்கள். விலா அப்படி இருந்தால் மாடு மெலிவு. கையை நீட்டிப் புறங்கையில் விரல்களைத் தடவுங்கள். எலும்பு தெரிகிறது, ஆனால் மேலே மெல்லிய மெத்தை இருக்கிறது. அது நடுத்தரம். உள்ளங்கையின் அடிச்சதை மாதிரி எலும்பே தட்டுப்படவில்லை என்றால் கொழுத்த மாடு.

விலாவோடு நிறுத்தாமல் வாலடியையும் முன்நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வாலுக்கு இருபுறமும் மெத்தென்று உருண்டை திரண்டிருந்தால் கொழுப்பு நன்றாக ஏறிவிட்டது. அலைதாடியின் தொங்கலை முன்நெஞ்சுக் கொழுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அது வெறும் தோல்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அறுத்த மாட்டுக்கு வடிவத்துக்கு ஒரு மதிப்பெண், கொழுப்புக்குத் தனியாக ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டையும் கலப்பதே இல்லை. நீங்களும் நோட்டில் இரண்டு தனிக் கட்டங்கள் வையுங்கள். சதைக்கு ஒன்று முதல் ஐந்து, கொழுப்புக்கு ஒன்று முதல் ஐந்து.

நான்காம் படி: நாடா

மாடு நான்கு காலிலும் சமமாக, தலையை வழக்கமான உயரத்தில் வைத்து நிற்கட்டும். தலை தாழ்ந்தாலோ தூக்கினாலோ மார்பளவு மாறிவிடும். பின்பக்கமாகத் திடீரென்று போகாமல், தோள்பக்கம் நின்று பேசிக்கொண்டே தடவிக்கொடுத்து அளக்க ஆரம்பியுங்கள். மிரண்ட மாட்டின் அளவு எதற்கும் உதவாது.

மார்புச் சுற்றளவுதான் இதில் ராஜா. முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்கு உடனே பின்னால், திமிலுக்குப் பின்னால், நாடா நேராக இறங்கிச் சுற்றி வர வேண்டும். திமிலின் மேல் நாடா ஏறினால் கணக்கு கெட்டது. ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல் நீளம் தோள்பட்டையின் முன்முனையிலிருந்து வாலுக்குக் கீழே பக்கத்தில் துருத்தும் பிட்ட எலும்பு முனைவரை. வயிற்றின் வளைவில் நாடாவைப் படிய விடாமல் நேராக இழுத்துப் பிடிக்க வேண்டும்.

உயரத்தை இடுப்பில், இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே முதுகின் மேல் எடுங்கள். திமில் மாட்டுக்கு முன்பக்க உயரத்தில் குழப்பம் வரும், இடுப்பில் வராது. அமெரிக்காவிலும் சட்டக அளவு, அதாவது எலும்புக்கூட்டின் அளவு, என்று இடுப்பு உயரத்தைத்தான் வயதோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஏறத்தாழ 5 செ.மீ. உயர்ந்தால் ஒரு படி கூடும்.

முன்னங்காலில் முட்டிக்குக் கீழே உள்ள குழல் எலும்பின் சுற்றளவையும், இடுப்பு அகலத்தையும் விருப்பமிருந்தால் எடுக்கலாம். முதல் சில மாதங்களுக்கு மேலே சொன்ன மூன்றே போதும்.

ஐந்தாம் படி: கணக்கு

ஷேஃபர் சூத்திரம் என்று கால்நடைக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, செ.மீ. கணக்கானால் 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். அங்குலத்தில் அளந்தால் 300ஆல் வகுங்கள், பவுண்டு வரும். அதை 2.2ஆல் வகுத்துக் கிலோ ஆக்குங்கள்.

மார்பு 160 செ.மீ., நீளம் 135 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 160 × 160 × 135 = 34,56,000. இதை 10,840ஆல் வகுத்தால் சுமார் 319 கிலோ.

மார்பில் 3 செ.மீ. கூட்டி அளந்துவிட்டால் விடை 331 ஆகிவிடும், 12 கிலோ பிழை. நீளத்தில் அதே 3 செ.மீ. தவறினால் 7 கிலோதான் கூடும். மார்பளவு இரண்டு முறை பெருக்கப்படுகிறது அல்லவா, அதனால்தான் அதில் இவ்வளவு கவனம்.

இந்தச் சூத்திரம் எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. நீண்ட கால், ஒடுங்கிய பின்பாகம் கொண்ட மாட்டுக்கு எடையைக் கூட்டிக் காட்டலாம். அதற்கு உங்களுக்கென்று ஒரு வகு எண் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். லாரி எடைமேடைக்கு மாடு ஏற்றிய வண்டியைக் கொண்டுபோய், ஏற்றியும் இறக்கியும் எடை பாருங்கள். மேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும் என்பதால், நான்கைந்து மாடுகளை ஒன்றாக ஏற்றிச் சராசரி எடுப்பது நல்லது. மேலே சொன்ன அளவுள்ள மாடுகள் சராசரியாக 300 கிலோதான் இருந்தால், 34,56,000ஐ 300ஆல் வகுக்க 11,520 வருகிறது. அந்த வகை மாட்டுக்கு இனி அதுதான் உங்கள் வகு எண். பத்துப் பதினைந்து மாடு பார்த்துவிட்டால் அந்த எண் ஓரளவு நிலைத்துவிடும்.

அளவையும் உடல்வாகையும் சேர்த்துப் படிப்பது

மார்பளவு எடையோடு நெருக்கமாகப் போகும். உயரம் மாட்டின் சட்டகத்தைச் சொல்லும், சதையைச் சொல்லாது. உயரமான மாட்டுக்கு நல்ல உடல்வாகு இருக்கும் என்று எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

நான் பயன்படுத்தும் வழி, எடையை இடுப்பு உயரத்தால் வகுப்பது. இரண்டு காளைகள், இரண்டும் 320 கிலோ. ஒன்றின் உயரம் 120 செ.மீ., இன்னொன்று 130. முதலாவதுக்கு செ.மீ.க்கு 2.67 கிலோ, இரண்டாவதுக்கு 2.46. முதல் மாட்டில் உயரத்துக்கு மேல் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று இந்த எண் சொல்கிறது. அந்தக் கூடுதல் சதையா, கொழுப்பா, வயிறா என்று எண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் இரண்டாம் படியில் பின்னால் நின்று பார்த்ததும், மூன்றாம் படியில் விலாவைத் தொட்டதும் பதில் சொல்லும். தொடை பிதுங்கி, விலா மெல்லிய மெத்தையாக இருந்தால் சதை. தொடை ஒடுங்கி, வாலடி உருண்டிருந்தால் கொழுப்பு. இரண்டும் இல்லாமல் வயிறு மட்டும் தொங்கினால், அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வயிறு பற்றி நான் பட்ட ஒரு பாடு. பழகத் தொடங்கிய புதிதில் ஒரு சந்தையில் இரண்டு பல் காளை ஒன்றைப் பார்த்தேன். கணக்குப் போட்டு எடையை நம்பி வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் எடைமேடையில் 30 கிலோவுக்கு மேல் குறைந்தது. தவிட்டில் உப்பைக் கலந்து கொடுத்து, தாகம் எடுத்ததும் தண்ணீர் காட்டி நிறுத்தியிருந்தார்கள். வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பையில் 50, 60 கிலோ கிடப்பது சாதாரணம், வைக்கோல் தின்னும் மாட்டுக்கு இன்னும் கூட. அன்றிலிருந்து சந்தையில் முதலில் பார்ப்பது இடப்பக்க விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தைத்தான். பசியோடு வந்த மாட்டுக்கு அது குழிந்திருக்கும். முரசுத்தோல் மாதிரி விம்மி நின்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

உயிர் எடையில் கறி எவ்வளவு

தலை, தோல், குளம்பு, குடல் நீக்கி எலும்போடு தொங்குவது, நன்கு தீனி போட்ட கறி இனங்களில் உயிர் எடையில் 60 சதவீதத்தை ஒட்டி வரும். நம் மாடுகளுக்கு 45 முதல் 50 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மேலே சொன்ன 319 கிலோ மாட்டுக்கு 48 போட்டால் 153 கிலோ. சந்தையில் கேட்ட அந்த "நூத்தம்பது" எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? வயிறு நிறைந்த மாடு என்றால் 45 போடுங்கள், 143தான் வரும். பத்துக் கிலோ கறியின் விலை அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

சதைப்பிடிப்பு கூடக் கூட இந்த விகிதமும் ஏறும். பெல்ஜியன் புளூ மாடு இதில் உச்சம். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு பழுதாகி, தொடை இரட்டையாகப் பிளந்து நிற்கும். கன்று ஈனுவதற்குப் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இனவிருத்திக்குக் காளை தேடுபவர்கள் சதையை மட்டும் பார்த்து ஓடாமல், அதன் கன்று சுகமாகப் பிறக்குமா என்றும் விசாரியுங்கள்.

நோட்டைத் தொடர்வது

தேதி, பல், மனக்கணக்கு எடை, சதை மதிப்பெண், கொழுப்பு மதிப்பெண், மார்பு, நீளம், உயரம், நாடா எடை, உண்மை எடை கிடைத்தால் அது. ஒரு மாட்டுக்கு ஒரு வரி. முதல் இருபது வரிகளில் மனக்கணக்குக்கும் நாடாவுக்கும் 50 கிலோ வித்தியாசம் வந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் தவறுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலானோர் உயரமான மாட்டைக் கூட்டியும், குட்டையான மாட்டைக் குறைத்தும் மதிப்பிடுகிறார்கள்.

வாங்கிக் கட்டிய மாட்டை மாதம் ஒருமுறை அதே ஆள், அதே காலை நேரத்தில், அதே இடத்தில் அளக்க வேண்டும். மேலே சொன்ன மாடு இரண்டு மாதத்தில் மார்பு 166, நீளம் 137 என்று ஆனால் கணக்கு 348 கிலோ சொல்லும். 60 நாளில் 29 கிலோ, நாளுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாள் ஏற்றத்தின் கறி விலையை, ஒரு நாள் தீனிச் செலவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தீனிச் செலவு தாண்டிவிட்டதென்றால், வாலடியையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த வாரச் சந்தைக்கே மாட்டை ஓட்டிப் போகலாம்.